ஆறு மணிக்கு 199

மாலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு செல்போன் திரையில் 200 என்று இருந்தது. ஐந்து ஐம்பத்தொன்பதுக்கும் 200. முபாஷிர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். ஆறு மணி ஆனது. 199.

ஆறு ஐந்துக்கு மறுபடியும் 200.

"தாஹிரா, இங்க வந்து பாரேன். இன்னிக்கும் அதே கதைதான்."

"டீ வடிகட்டிகினு கீறேன்," என்றாள் அவன் மனைவி சமையலறையிலிருந்து. "இன்னிக்கு எத்தினி பேரு வர்றாங்க? அத்த சொல்லுங்க மொதல்ல."

"பதினேழு."

"நேத்து பதினாலு. இப்டியே போனா நான் டீக்கடை போர்டு மாட்டிக்க வேண்டியதுதான்."

முபாஷிர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். உள்ளே வரும் பெட்டிகளையும் வெளியே போகும் பெட்டிகளையும் எண்ணி எழுதுவது அவன் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தவறியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒன்பது நாளாக ஒரே ஒரு ஆள் உதைத்துக்கொண்டிருந்தது.

அவன் எண்ணிக்கொண்டிருந்தது ரசிகர்களை. எந்த ஆட்டத்தின் ரசிகர்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் காலடிப்பேட்டையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே ஓரமாக நின்ற ஒரு மெஷினின் பெயர் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்ததால் பையன்களே 'பொட்டிக் கப்பல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிரேன், ஒரு கப்பல், மேலே மேலே வந்துகொண்டிருக்கும் பெட்டிகள். பெட்டியை எடுத்துக் கப்பலில் அடுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமானால் கப்பல் சாயும். ரொம்பச் சாய்ந்தால் மூழ்கும். அவ்வளவுதான் ஆட்டம். துறைமுகத்துக்குப் போகிற அப்பாக்களின் பிள்ளைகள் அதை வெறியோடு ஆடினார்கள். அப்பா மூழ்கடித்தால் வேலை போகும். இவர்கள் மூழ்கடித்தால் ஒரு ரூபாய்தான் போகும்.

அந்த மெஷினை முபாஷிர் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காயலாங்கடையில் பார்த்து, வாங்கி, பழுது பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீடு இரண்டே அறை. அலமாரி உயரமுள்ள அந்த மெஷின் நிற்க முடிந்த ஒரே இடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள சந்து. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் குளிக்க நேராகப் போனதில்லை. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் போவார்கள்.

மெஷின் வந்தபிறகு அவனுக்கு ஒரு ஆசை வந்தது. இதே ஆட்டத்தைச் செல்போனில் ஆடும்படி புதிதாகச் செய்ய வேண்டும். பழைய மெஷினைச் செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். 'அப்படி ஒன்றைச் செய்ததாக எங்களுக்கே நினைவில்லை, தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. செலவுக்கு ரசிகர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தான். உலகம் முழுக்க இப்போது பழைய ஆட்டங்களுக்கு இப்படித்தான் உயிர் கொடுக்கிறார்கள். இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, இத்தனை பேர் சேர்ந்தால் செய்வேன் என்று சொல்வது. அத்தனை பேர் சேராவிட்டால் யார் பணமும் யாரிடமிருந்தும் போகாது.

முபாஷிர் எதையும் இறங்கிப் பார்க்கிறவன். வெளிநாட்டில் வெற்றி பெற்ற இரண்டு ஆட்டங்களை எடுத்து ஒரு நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டான்.

ஒன்று விண்கப்பல் ஆட்டம். அதை முதலில் உருவாக்கிய மனிதர் தலையெல்லாம் நரைத்துப்போய் கேமரா முன் உட்கார்ந்து, 'அதைச் செய்தவன் நான்தான்' என்றார். ஒரே நாளில் ஆள் நிரம்பிவிட்டது. ஆனால் ஒரு மாதத்தில் பாதிப் பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். மற்றது பேய் மாளிகை ஆட்டம். அதை உருவாக்கியவர் யாரென்றே தெரியாது. சேர்ந்தவர்களுக்குச் சட்டை கொடுத்தார்கள், ஆட்டத்துக்குள் வரும் கல்லறைகளில் அவரவர் பெயரைப் பொறித்தார்கள். ஆள் மெதுவாகத்தான் சேர்ந்தது. சேர்ந்தவர் யாரும் விலகவில்லை. 'முகத்துக்கு வருகிறவன் வேகமாக வருகிறான், வேகமாகப் போகிறான். பொருளுக்கு வருகிறவன் மெதுவாக வந்து ஒட்டிக்கொள்கிறான்' என்று முபாஷிர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. இரண்டு பேருமே ஆட்டத்தின் ஒரு துண்டை முன்னாலேயே ஆடக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே அவனும் கொடுத்தான். மாலை ஆறு மணிக்கு அந்த இணையப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்கு வந்து பழைய மெஷினில் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடலாம். பெயர் இருப்பதற்கு அடையாளமாக அந்தப் பக்கம் தரும் அன்றைய பச்சை டிக்கைச் செல்போனில் காட்ட வேண்டும்.

ஆறு மணிக்கு ஒரு காரணம் உண்டு. அந்த இணையப் பக்கம் தினமும் மாலை ஆறு மணிக்குத் தலையை எண்ணும். அந்த நிமிடத்தில் 200 பேர் இருந்தால் பூட்டு விழும், வேலை தொடங்கும். அதுவரை யாரும் பெயரை எடுக்கலாம், மறுபடி சேர்க்கலாம். பெயர்கள் யாருடையவை என்பது பூட்டு விழும்வரை முபாஷிருக்கே தெரியாது. கெடுவை இரண்டு முறை நீட்டலாம். இரண்டு முறையும் நீட்டியாகிவிட்டது. வருகிற ஞாயிறு கடைசி.

இரண்டாம் முறை நீட்டிய அன்று தாஹிரா ஒரு சொல் சொன்னாள். "ஞாயித்துக்கெழம ஆறு மணி. அதுக்குள்ள ஆவலைன்னா இது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே போவட்டும்."

காயலாங்கடைக்கு. தாஹிரா சொன்னால் சொன்னதுதான். முபாஷிர் இதை ரசிகர்கள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குப் பயப்படுகிறான் என்பார்கள். உண்மைதான், ஆனாலும் சொல்வார்கள்.

அன்று, திங்கட்கிழமை, வந்த பதினேழு பேரும் சந்தில் வரிசையாக நின்றார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் சாலமோன் மட்டும் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"நீ ஆடலையா?" என்றான் முபாஷிர்.

"கண்ணு எரியுது மாமு. இன்னிக்கு சொம்மா பாத்துகினு கீறேன்."

"199லயே நிக்குதுடா. யாரோ ஒருத்தன் தெனமும் வெளாடறான்."

"பேஜாரான ஆளா இருப்பான் போல," என்றான் சாலமோன், கப்பலையே பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை முபாஷிர் இணையப் பக்கத்துக்காரர்களுக்குப் புகார் எழுதினான். எண்ணும் முறையில் கோளாறு என்பது அவன் கணிப்பு. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: 'எங்கள் எண்ணிக்கை சரியாக உள்ளது. தினமும் ஒருவர் விலகி, ஐந்து நிமிடத்தில் மீண்டும் சேர்கிறார். தினமும் வேறு வேறு ஒருவர்.'

இதைப் படித்தபிறகு அவனுக்கு முன்பைவிடக் குழப்பமாக இருந்தது. ஒரே ஆள் என்றால் திட்டலாம். வேறு வேறு ஆள் என்றால் யாரைத் திட்டுவது?

அன்று காலை நெட்டுக்குப்பத்திலிருந்து பூவம்மா கூடையோடு வந்திருந்தாள். அவள் கணவன் வேலப்பனும் பொட்டிக் கப்பல் ரசிகன். சின்ன வயதில் எண்ணூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஆடியவன்.

"எறா இன்னா இத்தினிக்கூண்டு கீது?" என்றாள் தாஹிரா.

"எங்க பாடு நாளன்னிக்குதான்க்கா. இது வேற வூட்ல வாங்கியாந்தது."

"பாடுன்னா?" என்றான் முபாஷிர். எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"ஆத்துல எறா ஓடுற எடம் கொஞ்சந்தான் பாய். வலை ஜாஸ்தி. அல்லாரும் ஒரே நாள்ல வலை கட்ட முடியுமா? அதான் பேரு எழுதி வெச்சிக்குவோம். இன்னிக்கு நீ, நாளைக்கு நான். அதுக்குப் பேரு பாடு."

"யாராவது முறை மாறி எறங்கிட்டா?"

"எறங்க மாட்டாங்க. நமக்குன்னு ஒரு நாள் வரும்ல?"

முபாஷிர் அசந்துபோனான். "நம்ம ரசிகப் பசங்களும் கீறானுங்களே. இந்த ஒழுங்குல பாதி வருமா அவுங்களுக்கு?"

"அப்டிலாம் சொல்லாத பாய்," என்று பூவம்மா கூடையைத் தூக்கினாள்.

அன்று மாலையும் 199. வேலப்பன் விரலில் துணி சுற்றிக்கொண்டு, வலை நூல் கிழித்துவிட்டது என்று சொல்லி, ஆடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை முபாஷிர் நோட்டைப் புரட்டினான். பேய் மாளிகை; சட்டை; யாரும் விலகவில்லை. அந்த இருநூறாவது ஆளை ஒரு சட்டையால் ஒட்டவைத்துவிட்டால் என்ன? வண்ணாரப்பேட்டையில் ஒரு அச்சுக் கடைக்குப் போய், 'இருநூறாவது ஆள் நான்தான்' என்று போட்டு ஒரு சட்டை கேட்டான்.

"ஒரு சட்டைக்கெல்லாம் ஃபிரேம் கட்ட முடியாது பாய்," என்றார் கடைக்காரர். "லாட்டாதான்."

"லாட்டுன்னா எத்தினி?"

"இருநூறு."

பொருத்தமாக இருக்கிறதே என்று அவனும் தலையாட்டிவிட்டான். ஆட்டோவில் நான்கு மூட்டை வந்து இறங்கியபிறகுதான் எல்லாச் சட்டையிலும் ஒரே வாசகம் என்பது உறைத்தது. மூட்டைகளைக் குளியலறை வாசலில் அடுக்கினான். இப்போது குளிக்கப் போகிறவர் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, பிறகு ஒரு மூட்டையின் மேல் ஏறி இறங்க வேண்டும்.

மாலையில் வந்த எல்லோரும் ஆளுக்கொரு சட்டையை மாட்டிக்கொண்டார்கள். சந்து முழுக்க இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு பேரும் இருநூறாவது ஆள். திரையில் 199.

"ஏங்க," என்றாள் தாஹிரா, டீத் தட்டோடு மூட்டைமேல் நின்றபடி, "இவ்ளோ பேரு இருநூறாவது ஆளா கீறாங்களே, அப்பொ மீதி நூத்தித் தொண்ணூத்தொம்போது பேரு எங்க?"



வியாழக்கிழமை அவன் முகத்தைத் தேடிப் போனான். விண்கப்பல் வழி. ஆட்டத்தைச் செய்தவரைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீடியோ கேம் கடையை நடத்தியவரைக் கண்டுபிடிக்கலாம். ஆறுமுகநயினார் அண்ணாச்சி இப்போது தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிறார். மெஷின் முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்தால் போதும் என்று அழைத்துவந்தான்.

அண்ணாச்சி மெஷினைத் தடவிப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்து மனம்விட்டுப் பேசினார்.

"ஒரு ரூவாய்க்கு மூணு நிமிசம்லா ஓடிட்டு இருந்துச்சு. எனக்குக் கட்டுப்படி ஆகல. பின்னால ஒரு திருகு உண்டு. லேசா முறுக்கி விட்டேன். கப்பல் ஒண்ணரை நிமிசத்துல சாஞ்சிரும். பயலுவ அவனவன் கைதான் சரியில்லன்னு நெனச்சு அழுவானுவ. பாவம்."

முபாஷிர் வீடியோவை நிறுத்துவதற்குள் அது நேரலையில் போய்விட்டது. முப்பது வருடமாகத் தங்கள் கையை நொந்துகொண்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். இந்த ஆட்டத்தை மறந்துபோயிருந்தவர்களும் அண்ணாச்சியைத் திட்டுவதற்காகவே சேர்ந்தார்கள்.

போகும்முன் அண்ணாச்சி திரையில் ஓடிய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். முதல் இடத்தில், ஆடியவர் பெயருக்குப் பதிலாக AAA என்று இருந்தது. "யாருவே இந்த ஏ ஏ ஏ? அறுபத்தெட்டாயிரம் எடுத்திருக்கான். எங்கடையில ஒருத்தனும் முப்பதைத் தாண்டினதில்ல."

"அது ஆளே இல்ல அண்ணாச்சி," முபாஷிர் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான். "உள்ள ஒரு சின்ன பேட்டரி கீது. மெஷினை அணைச்சாலும் மார்க்கை அதுதான் ஞாபகம் வெச்சிக்கும். பழசாகிட்டா கசியும். கசிஞ்சா நம்பருங்க தானா மாறும். நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தெனமும் ஏறிகினே போவுது பாருங்க."

"பேட்டரி இவ்வளவு நல்லாவா வெளையாடும்?"

டீ கொண்டுவந்த தாஹிரா தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போனாள். அந்த மெஷினை அவளுக்குப் பிடிக்காது. இருந்தாலும் தூசி படியவிடமாட்டாள். திட்டிக்கொண்டே தினமும் மதியம் ஒரு மணி நேரம் அதைத் துடைப்பாள்.

அன்று ஐந்து ஐம்பதுக்குத் திரையில் 206. முபாஷிர் துள்ளினான். ஆறு பேர் உபரி, இனி ஒருவன் விலகினால் என்ன?

ஆறு மணிக்கு 199.

ஏழு பேர் விலகியிருந்தார்கள். அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சந்துக்குப் போனான். அங்கே நான்கு பேர் ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குப் பல் வலி, ஒருவனுக்குச் சுளுக்கு, ஒருவனுக்குத் தலைசுற்றல். நான்காமவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஊருல ஏதோ ஜுரம் சுத்துது," என்று முபாஷிர் தாஹிராவிடம் சொன்னான். "டீல கொஞ்சம் சுக்கு போடு."

வெள்ளி 199. சனி 199, சுக்கு டீயோடு.

ரசிகர்கள் சேரும் அந்த இணையப் பக்கத்தில் முபாஷிரே எழுதிய ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி அவன் இதுவரை யோசிக்கவே இல்லை. விண்கப்பல்காரர்கள் எழுதியதன் அழகில் மயங்கி அப்படியே தமிழில் போட்டிருந்தான்: 'இலக்கை எட்டிய அன்றே பழைய இயந்திரம் பிரிக்கப்பட்டு, அதன் இதயம் வெளியே எடுக்கப்படும்.' உண்மையில் நடக்கப்போவது மிகச் சாதாரணம். ஆட்டம் முழுவதும் ஒரு சிப்பில் இருக்கிறது. ரிமோட்டில் பேட்டரி உட்கார்ந்திருப்பதுபோல அது பலகையில் செருகி இருக்கிறது. வெளியே எடுத்து, இன்னொரு கருவியில் வைத்துப் படித்துக்கொண்டு, திரும்பச் செருகிவிடலாம். பத்து நிமிட வேலை. அப்படி எழுதினால் சப்பென்று இருக்கும் என்றுதான் இதயத்தைப் போட்டான்.

ஞாயிறு நான்கு மணிக்குக் காயலாங்கடைக்காரர் தட்டு வண்டியோடு வந்து நின்றார். ஆறு மணிக்கு எப்படியும் 199தான் என்று முபாஷிரே வரச் சொல்லியிருந்தான். சொன்ன சொல் சொன்னதுதான்.

தாஹிரா வாசலுக்கு வந்தாள். "இப்ப எடுக்க முடியாது. சட்டை மூட்டைங்க வழிய மறைச்சிகினு கீது. அடுத்த வாரமா வாங்க."

"மூட்டைய நாங்களே தள்ளி வெச்சிக்கிறோம்மா."

"எனக்கு முதுகு வலி. மெஷினை இன்னிக்கு நான் துடைக்கக்கூட இல்ல. அழுக்கோட குடுக்கறது மரியாதை இல்ல. போயிட்டு வாங்க."

வண்டி போனது. தனக்கு இரக்கம் காட்டுகிறாள் என்று முபாஷிருக்குக் கண் கலங்கியது. தாஹிரா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் சந்தில் மெஷினின்மேல் சாய்ந்து நின்றான். திரையில் சின்னக் கப்பல் தானாகச் சாய்ந்து, மூழ்கி, மறுபடி மிதந்தது. செல்போனில் 206. ஐந்தரைக்குமேல் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது. 205. 204. 203.

ஐந்து நாற்பத்தைந்துக்குப் பூவம்மா வந்தாள். கையில் கூடை இல்லை.

"இன்னா பாய், மெஷினைக் கட்டிப்புடிச்சிகினு நிக்கிற?"

"இன்னிக்குதான் கடைசி பூவம்மா."

"போன தபாவும் கடைசின்னுதான் சொன்ன. தள்ளிப் போட்டல்ல?"

"இனிமே தள்ள முடியாது. ரெண்டு தபாதான் வுடுவாங்க. ஆறு மணிக்கு 199ன்னா இது காயலாங்கடைக்குப் போவுது. தாஹிராகிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

பூவம்மா அப்படியே ஒரு சட்டை மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். "இன்னா பாய் சொல்ற? அப்பொ பிரிச்சாலும் பூடும், பிரிக்கலைன்னாலும் பூடுமா?"

"யாரு பிரிக்கிறா?"

"நீதான் எழுதி கீற. இருநூறு ஆச்சுன்னா அன்னிக்கே மெஷினைப் பிரிச்சு இதயத்தை எடுத்துடுவேன்னு. எங்க வூட்டுக்காரு அத்த படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு துன்னல."

முபாஷிர் இரண்டு விரலை விரித்துக் காட்டினான். "அது ஒரு சிப்பு பூவம்மா. பிஸ்கோத்து சைஸு. எடுத்துப் படிச்சிட்டுப் பத்து நிமிஷத்துல திருப்பி வெச்சிடுவேன். மெஷினு இதே மாரி ஓடும்."

"அத்த எழுத வேண்டியதுதானே?"

"நல்லா இருக்காதுன்னு..."

பூவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் நல்லா இருக்கறதுல தீய வெக்க. புது ஆட்டம் யாருக்கு வோணும் பாய்? சாய்ங்காலம் ஆனா இங்க வந்து நின்னு, டீ குடிச்சிகினு, இத்த ஆடணும். அதுக்குதான் அல்லாரும் சேந்தாங்க. சேந்தா மெஷினு பூடும். சேரலைன்னா ஆட வுடமாட்ட. அதான் எங்க வூட்டுக்காரு பாடு போட்டாரு. எத்தினி பேரு வெளிய நின்னா 199 ஆவுமோ, அத்தினி பேரு முறை வெச்சி நிப்பாங்க. நிக்கிறவனுக்கு அன்னிக்கு ஆட்டம் இல்ல."

கண் எரிச்சல், கிழிந்த விரல், பல் வலி, சுளுக்கு எல்லாம் முபாஷிரின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. பதினெட்டு வருடம் பெட்டி எண்ணியவன்.

அவன் செல்போனைப் பார்த்தான். ஐந்து ஐம்பத்து மூன்று. 202. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 201. பிறகு 200.

"நிறுத்து பூவம்மா. இன்னும் எத்தினி பேரு?"

பூவம்மா இடுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து, விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தாள்.

"இன்னிக்கு ஏழு பேரு. ஆறு பேரு எடுத்தாச்சு. மிச்சம் ஒரே ஒரு ஆளு. மறந்துடப்போறாங்கன்னு ஞாபகப்படுத்தத்தான் நானே வந்தேன்."

"யாரு? நம்பரு குடு, நான் பேசுறேன். காலுல வேணா வுழறேன்."

"நம்பரெல்லாம் வோணாம் பாய்," என்றாள் பூவம்மா. "சமையக்கட்டுக்குப் போயி, மெஷினைப் பிரிக்க மாட்டேன், சிப்பை எடுத்துட்டுத் திருப்பி வெச்சிடுவேன்னு சொல்லு. இன்னிக்குக் கடைசிப் பாடு தாஹிராக்காவுது."